ஏறுவது எளிது, அசையாமல் நிற்பதே கடினம்: பலூனில் தொங்கும் சூரியத் தொலைநோக்கிகள்

சூரியனைத் துல்லியமாகப் பார்க்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் சூரியன்தான். இரவில் விண்மீன்களைப் பார்க்கும் தொலைநோக்கிக்கு வாய்க்கும் அடங்கிய, குளிர்ந்த காற்று, பகலில் வேலை செய்ய வேண்டிய சூரியத் தொலைநோக்கிக்கு வாய்ப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலெழ, மேலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. காற்றின் வெப்பநிலை மாறும்போது அதன் ஒளிவிலகலும் மாறுவதால், இப்படி மேலும் கீழும் அலையும் காற்றுத் திரள் ஒவ்வொன்றும் ஒரு கோணலான வில்லையைப் போல ஒளியை அங்குமிங்கும் வளைத்துவிடுகிறது. கோடை மதியத்தில் தார்ச்சாலையின் மேல் நெளிகிற காட்சியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நெளிவைத்தான் சூரிய வானியலாளர் தம் தொலைநோக்கியின் வழியே நாள்தோறும் பார்க்கிறார்.

இதனால் எவ்வளவு இழக்கிறோம் என்பதைச் சில எண்கள் தெளிவாக்கும். ஒரு பாகைக் கோணத்தை 3,600 கூறுகளாகப் பிரித்தால் வருவது ஒரு கோண விநாடி. பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியப் பரப்பில் சுமார் 725 கி.மீ. நீளமுள்ள ஒரு பொருள் அந்த ஒரு கோண விநாடிக்குள் அடங்கிவிடும். பகல் நேரக் காற்றுக் கலக்கம், தொலைநோக்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சாதாரணமாக ஒன்றிரண்டு கோண விநாடி அளவுக்குப் படத்தைக் கலைத்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பான ஒளிக்கோளமோ முழுவதும் ‘குருணைகள்’ எனப்படும் வெப்பச் சுழற்சிக் கலங்களால் நிரம்பியது. உள்ளிருந்து பொங்கி வரும் சூடான வாயு நடுவில் எழுந்து, குளிர்ந்து, ஓரங்களில் இறங்குவதால் உண்டாகும் இவற்றின் அகலம் ஆயிரம் கி.மீ. அளவு, ஆயுள் பத்து நிமிடம் அளவு. குருணைகளுக்கு இடையிலுள்ள இருண்ட சந்துகளில் காந்தப்புலம் நெருக்கிச் சேர்க்கப்படும் மெல்லிய இழைகளின் அகலம் இதிலும் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு கி.மீ. அளவு. சூரியனின் நடத்தையில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை இந்த இழைகள்தாம். காற்று முதலில் அழிப்பதும் இவற்றைத்தான்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. காற்று செய்யும் கோணலை அளந்து, அதற்கு எதிரான கோணலை ஒரு நெகிழும் ஆடியில் விநாடிக்குப் பல நூறு முறை உண்டாக்கிச் சரிசெய்வது ஒன்று. தகவமைவு ஒளியியல் எனப்படும் இந்த நுட்பம் இன்று நன்றாகத் தேறிவிட்டது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியின் மலையுச்சியிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கி அதை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் படத்தின் நடுப்பகுதியில் நன்றாகவும், விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவாகவும் பலிக்கிறது. காற்று மோசமாகும் நேரங்களில் அதுவும் கைவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, ஓசோன் விழுங்கிவிட்ட புற ஊதா ஒளியை எந்த ஆடியாலும் மீட்டுத் தர முடியாது என்பது. இரண்டாவது பரிகாரம், காற்றைத் திருத்த முயலாமல் அதைத் தாண்டிப் போய்விடுவது. அதற்கு விண்கலம் வேண்டும் என்பதில்லை. கடல்மட்டத்திலிருந்து 35 முதல் 40 கி.மீ. உயரத்துக்குள் வளிமண்டலத்தின் எடையில் 99 விழுக்காட்டுக்கும் அதிகமான பகுதி கீழே தங்கிவிடுகிறது. பலூன் எட்டக்கூடிய உயரம் அது.

அந்த உயரத்தில் கிடைப்பவற்றையும் கிடைக்காதவற்றையும் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. பலூனைப் பற்றிய மிகையான புகழ்ச்சி, மிகையான ஏளனம் இரண்டுமே இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. படத்தைக் கலைக்கும் காற்றுக் கொந்தளிப்பு அங்கே கிட்டத்தட்ட இல்லை. 37 கி.மீ. உயரத்தில் அழுத்தம் தரையிலுள்ளதில் இருநூறில் ஒரு பங்கு அளவே இருப்பதால், ஒளியை வளைக்க அங்கே போதிய காற்றே கிடையாது. ஓசோன் படலத்தின் அடர்த்தியான பகுதி 20 முதல் 25 கி.மீ. உயரத்தில் இருப்பதால் அதுவும் காலுக்குக் கீழே போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் ஓசோன் 250 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை இன்னும் வலுவாக உறிஞ்சுகிறது. 200 நானோமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே, 200 முதல் 220 நானோமீட்டர் வரை, ஒரு குறுகிய சாளரம் திறந்து கிடக்கிறது. பலூன் தொலைநோக்கிகள் 214 நானோமீட்டரில் சூரியனைப் படமெடுப்பது அந்தச் சாளரத்தின் வழியாகத்தான். கடின எக்ஸ் கதிர்களும் காமா கதிர்களும் அந்த உயரம் வரை இறங்கி வருகின்றன. ஆனால் பல இலட்சம் பாகை வெப்பத்தில் கொதிக்கும், சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா உமிழ்கிற மென் எக்ஸ் கதிர்களும் தீவிரப் புற ஊதாக் கதிர்களும் அதற்கு வெகு மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அவற்றுக்கு ராக்கெட்டோ செயற்கைக்கோளோதான் வழி.

பலூனையும் சூரியனையும் சேர்த்து நினைத்தவர்கள் பழைய காலத்திலிருந்தே இருந்திருக்கிறார்கள். பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென் 1870 டிசம்பரில், பிரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்த பாரிஸிலிருந்து பலூனில் தப்பி, அல்ஜீரியாவின் ஓரான் நகருக்குக் கிரகணம் பார்க்கப் போனார். அத்தனை துணிச்சலுக்கும் பிறகு, கிரகண நாளன்று ஓரானில் மேகம் மூடிக்கொண்டது. தனிம அட்டவணையால் அறியப்படும் மெண்டலீவ் 1887 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிளின் ஊரிலிருந்து மேகத்துக்கு மேலே போயே கிரகணத்தைப் பார்த்தார். மழையில் நனைந்து கனத்துப்போன பலூனால் இருவரைத் தூக்க முடியவில்லை என்றதும், பலூன் ஓட்டிப் பழக்கமே இல்லாத அவர், ஓட்டுநரை இறக்கிவிட்டுத் தனியாகவே ஏறிவிட்டார். இவையெல்லாம் சுவையான கதைகள். ஆனால் சூரியப் பரப்பைப் பற்றி இவற்றால் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

வரலாறு உண்மையில் தொடங்குவது 1950களின் பிற்பாதியில். பிரான்சில் ஒதுவான் தோல்ஃபுஸ் தொலைநோக்கியோடு தாமும் பலூனில் ஏறி, சுமார் 6 கி.மீ. உயரத்திலிருந்து குருணைகளைப் படமெடுத்தார். அமெரிக்காவில் பிரின்ஸ்டனைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்ட் ஆளை ஏற்றாமல் கருவியை மட்டும் ஏற்றினார். கருந்துளையின் ஆரத்துக்குப் பெயர் தந்த கார்ல் ஷ்வார்ஸ்சைல்டின் மகன் இவர். 1957-இல் பறந்த ‘ஸ்ட்ராட்டோஸ்கோப்’ 30 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியைச் சுமார் 24 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுபோயிற்று. குவியத்தைச் சரிசெய்ய மேலே ஆள் இல்லை. கீழிருந்து பார்க்கவும் வழியில்லை. ஆகவே குவியத்தை முன்னும் பின்னும் தொடர்ந்து நகர்த்தியபடியே ஆயிரக்கணக்கில் படங்களை எடுக்கும்படி கருவியை அமைத்துவிட்டார்கள். பெரும்பாலானவை மங்கலாகத்தான் வரும், சில தற்செயலாகச் சரியான இடத்தில் விழும் என்பது கணக்கு. அந்தச் சிலவே போதுமானவையாக இருந்தன. குருணைகள் உருண்டையான புள்ளிகள் அல்ல, ஒழுங்கற்ற பல்கோண வடிவக் கலங்கள் என்பதும், அவற்றைப் பிரிக்கும் இருண்ட சந்துகள் மெல்லியவை என்பதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. அவை வெப்பச் சுழற்சியின் விளைவு என்ற கருத்து உறுதிப்பட்டது. 1959-ஆம் ஆண்டுப் பறத்தல்களில் ஒரு தொலைக்காட்சிக் கருவியையும் சேர்த்தார்கள். தரையிலிருப்பவர் திரையைப் பார்த்துக் குவியத்தைத் திருத்தவும், எந்தக் கரும்புள்ளியைப் படமெடுப்பது என்று தேர்ந்தெடுக்கவும் முடிந்தது. தொலைவிலிருந்து இயக்கப்படும் இன்றைய விண் தொலைநோக்கிகளின் வேலைமுறை அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.

அதே காலத்தில், சூரியனைத் தேடாமலே சூரியனைப் பற்றிய ஒரு பெரிய கண்டுபிடிப்பும் பலூனில் நிகழ்ந்தது. 1958 மார்ச் 20 அன்று லாரன்ஸ் பீட்டர்சனும் ஜான் விங்க்ளரும் அண்டக் கதிர்களை அளப்பதற்காகக் கியூபாவிலிருந்து அனுப்பியிருந்த பலூனில், சூரியனில் ஒரு சுடர்வெடிப்பு நிகழ்ந்த அதே நேரத்தில், கதிர்வீச்சு சில விநாடிகளுக்குத் திடீரென எகிறியது. அதில் இருந்தவை ஓர் அயனியாக்கக் கலமும் ஒரு கைகர் எண்ணியும் மட்டுமே. ஆனால் இரண்டும் எகிறிய விகிதம் மின்னேற்றத் துகள்களுக்குப் பொருந்தவில்லை. உயர் ஆற்றல் ஒளித்துகள்களுக்குப் பொருந்தியது. சூரியச் சுடர்வெடிப்பு கடின எக்ஸ் கதிர்களையும் காமா கதிர்களையும் உமிழ்கிறது என்பதற்கு அதுவே முதல் சான்று. இரண்டு எளிய கருவிகளின் அளவுகளுக்கிடையே இருந்த விகிதத்திலிருந்து இவ்வளவையும் படித்தறிந்ததை நான் பல பெரிய கருவிகளின் வெற்றியைவிட உயர்வாகவே மதிக்கிறேன்.

இனி பலூனின் உடலமைப்புக்கு வருவோம். தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கும். 37 கி.மீ. உயரத்தில் காற்று மிக மெலிந்திருப்பதால், அதே ஒரு கிலோவைத் தாங்க ஏறத்தாழ இருநூறு கன மீட்டர் இடம் வேண்டும். இரண்டு மூன்று டன் எடையுள்ள கருவியையும், அதற்குக் குறையாத பலூனின் சொந்த எடையையும் அந்த உயரத்தில் நிறுத்த வேண்டுமானால் பலூனின் கொள்ளளவு பத்து இலட்சம் கன மீட்டரை நெருங்கியாக வேண்டும். விரிந்த நிலையில் அதன் விட்டம் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். இதைச் செய்யும் பாலித்தீன் தாளின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, தலைமுடியைவிட மெல்லியது. தரையில் இருக்கும்போது பலூனின் கொள்ளளவில் நூற்றில் அரைப் பங்கு அளவுக்கே ஹீலியத்தை நிரப்புகிறார்கள். அதனால் ஏவுதளத்தில் தெரிவது உருண்டையான பலூன் அல்ல: உச்சியில் ஒரு குமிழி, அதன்கீழ் வெறுமையாகத் தொங்கும் நீண்ட தாள், அதன்கீழ் மடித்துக் கட்டிய பாராசூட், அதற்கும் கீழே நீண்ட வடம், கடைசியில் கருவிக் கூண்டு.

ஏவும் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு நெஞ்சைப் பிசைவது. ஓடுதளத்தில் நீளவாக்கில் பலூனைக் கிடத்தி, உச்சிப் பகுதியை ஓர் உருளையின் கீழ் பிடித்துக்கொண்டு, குழாய்களின் வழியே ஹீலியத்தை ஏற்றுகிறார்கள். மறுமுனையில் கருவிக் கூண்டு ஒரு கனரக வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும். உருளையை விடுவித்ததும் குமிழி எழும்பி, தாளைத் தன்பின்னே இழுத்துக்கொண்டு செங்குத்தாக நிமிர்கிறது. அது தலைக்கு நேர் மேலே வரும் கணத்துக்காக வண்டி முன்னும் பின்னும் ஓடி, அந்தக் கணத்தில் கூண்டை விடுவிக்கிறது. ஒரு கணம் தப்பினால் கூண்டு தரையில் உரசும், அல்லது ஊசலாக ஆடி வண்டியிலேயே மோதும். ஆகவே தரைக்காற்று விநாடிக்குச் சில மீட்டரைத் தாண்டும் நாள்களில் யாரும் ஏவுவதில்லை. எல்லாம் தயாரான பிறகும் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் காத்திருப்பதே இந்தத் தொழிலின் இயல்பு. ஏறத் தொடங்கிவிட்டால் விநாடிக்கு 5 மீட்டர் அளவு வேகத்தில், இரண்டு மூன்று மணி நேரத்தில் பலூன் தன் உயரத்தை அடைந்துவிடும்.

நீண்ட நேரம் மிதப்பதற்கு இடமும் காலமும் அமைய வேண்டும். இந்த வகைப் பலூனின் அடிப்புறம் திறந்தே இருக்கும். வெயிலில் வாயு விரியும்போது உபரி வெளியேறிவிடும். இரவில் வாயு குளிர்ந்து சுருங்கும்போது பலூன் இறங்கும், அதைத் தடுக்க எடைத்துகள்களைக் கொட்ட வேண்டும். இரண்டு மூன்று இரவுகளில் வாயுவும் தீரும், எடையும் தீரும். இரவே இல்லாத இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் நெடும்பயணப் பலூன்கள் துருவக் கோடையில் பறக்கின்றன: தெற்கே அண்டார்க்டிகாவின் மெக்மர்டோவிலிருந்து டிசம்பர், ஜனவரியில், வடக்கே சுவீடனின் கிரூனாவுக்கு அருகிலுள்ள எஸ்ரேஞ்சிலிருந்து ஜூன், ஜூலையில். கோடையில் அடுக்கு மண்டலக் காற்று துருவத்தைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக நிதானமாக வீசுவதால், அண்டார்க்டிகாவில் பலூன் சுமார் இரு வாரங்களில் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்தின் பக்கமே வந்துவிடும். எஸ்ரேஞ்சிலிருந்து கிளம்புவது கிரீன்லாந்தின் மேலாக வடகனடாவை ஐந்தாறு நாளில் அடையும். ரஷ்யாவின் மேல் பறக்க அனுமதி இல்லாததால் பயணத்தை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சூரியனைப் பார்ப்பவருக்குத் துருவக் கோடையில் இன்னோர் ஆதாயம், சூரியன் மறைவதே இல்லை என்பது. ஆனால் ‘நள்ளிரவில்’ அது தொடுவானை ஒட்டிக் கிடக்கும். அப்போது ஒளி சாய்வாக நீண்ட காற்றுப் பாதையைக் கடந்து வருவதால் புற ஊதா வேலையை நிறுத்திவைத்து, மற்றவற்றைப் பார்ப்பார்கள்.

ஏறுவதும் மிதப்பதும் இவ்வளவுதான். உண்மையான சிக்கல் மேலே போய்ச் சேர்ந்த பிறகு தொடங்குகிறது. தொலைநோக்கி நூறு மீட்டர் அளவு நீளமுள்ள வடத்தின் நுனியில் தொங்குகிறது. அதாவது அது ஓர் ஊசல். அந்த நீள ஊசல் ஏறத்தாழ 20 விநாடிக்கு ஒரு முறை ஆடும். பலூன் தன்னைத்தானே மெல்லச் சுழற்றிக்கொள்வதால் வடம் முறுக்கேறும். கூண்டிலுள்ள எந்தப் பொறி நகர்ந்தாலும் கூண்டு எதிர்ப்புறம் நகரும், ஊன்றிக்கொள்ளத் தரை இல்லை. இந்த நிலையில் சூரியப் பரப்பிலுள்ள நூறு கி.மீ. இழையை மங்காமல் படமெடுக்க வேண்டும். நூறு கி.மீ. தெளிவு வேண்டுமானால் நடுக்கம் அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்க வேண்டும். ஒரு கோண விநாடியில் நூற்றில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கி.மீ. தொலைவிலுள்ள பலகையில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் உண்டாகும் கோணம் அது. பிடிமானமே இல்லாத ஊசலின் நுனியிலிருந்து அந்த அளவுக்குள் நிற்க வேண்டும்.

1 மீட்டர் ஆடி கொண்ட ‘சன்ரைஸ்’ தொலைநோக்கி இதைப் படிப்படியாகத் தீர்த்தது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிறுவனத்தில் சமி சோலங்கியின் தலைமையில், அமெரிக்க, ஸ்பானியக் குழுக்களோடு சேர்ந்து உருவான கருவி இது. முதல் படியில், கூண்டின் உச்சியிலுள்ள சுழல்சக்கரமும் இயக்கியும் கூண்டு முழுவதையும் சூரியனை நோக்கித் திருப்பி நிறுத்தி, சேரும் முறுக்கை வடத்தின் வழியே பலூனுக்குக் கடத்திவிடுகின்றன. அடுத்த படியில் தொலைநோக்கி மேலும் கீழுமாகச் சூரியனின் உயரத்தைப் பின்தொடர்கிறது. எஞ்சிய நடுக்கத்தைத் தொலைநோக்கிக்குள் இருக்கும் சிறிய, வேகமாகச் சாயும் ஆடி ஒன்று ஏற்றுக்கொள்கிறது. எதைப் பார்த்துச் சாய்வது என்பதுதான் இதில் அழகான பகுதி. விண்மீன் தொலைநோக்கிக்கு வழிகாட்ட ஒரு புள்ளி விண்மீன் கிடைக்கும். சூரியப் பரப்பில் அப்படிப் புள்ளி எதுவும் கிடையாது. ஆகவே குருணைகளின் கோலத்தையே அடையாளமாகக் கொள்கிறார்கள். ஒரு வேகக் கேமரா விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அந்தக் கோலத்தைப் பார்த்து, சற்றுமுன் சேமித்த படத்தோடு ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்கிட்டு ஆடிக்குச் சொல்கிறது. குருணைகள் சில நிமிடங்களில் உருமாறிவிடும் என்பதால் ஒப்பிடும் படத்தையும் அவ்வப்போது புதுப்பிக்கிறது. சூரியன் தன் கொந்தளிப்பாலேயே தன்னைப் படமெடுக்க உதவுகிறது என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

வெப்பத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1 மீட்டர் விட்டமுள்ள ஆடி சூரியனிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோவாட் ஆற்றலைத் திரட்டி, முதல் குவியத்தில் இரண்டு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் வட்டமாகச் சேர்க்கிறது. அந்த இடத்தில் சாய்வான ஓர் ஆடியை வைத்து, அதன் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத் துளையிட்டிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய சிறு பகுதியின் ஒளி மட்டும் துளைவழியே உள்ளே போகிறது. மீதி 99 விழுக்காடு பக்கவாட்டில் வெளியே வீசப்படுகிறது. உள்ளே வந்த கொஞ்சத்தையும், மின்னணுக் கருவிகள் உண்டாக்கும் சூட்டையும் தணிக்க அங்கே வீசும் காற்று இல்லை. தரையில் ஒரு சின்ன விசிறி செய்கிற வேலையை, விண்வெளியை நோக்கிய தட்டுகள் வெப்பத்தைக் கதிராக வீசிச் செய்ய வேண்டும். மெல்லிய காற்றுக்கு வேறொரு குணமும் உண்டு. சில மில்லிபார் அழுத்தம் என்பது மின்பொறி எளிதாகத் தாவும் நிலை. தரையிலும் ஒழுங்காக ஓடி, முழு வெற்றிடத்திலும் ஒழுங்காக ஓடும் உயர் மின்னழுத்தக் கருவி இடைப்பட்ட இந்த உயரத்தில் பொறி தாவிக் கருகக்கூடும். வன்தட்டின் படிப்பான் தட்டுக்கு மேலே மிதப்பதற்கே காற்று வேண்டும் என்பதால், தரவைச் சேமிக்கும் வன்தட்டுகளையும் அழுத்தம் நிரப்பிய பெட்டிக்குள் அடைத்து அனுப்ப வேண்டியிருந்தது.

2009 ஜூன் 8 அன்று சன்ரைஸ் முதன்முறை எஸ்ரேஞ்சிலிருந்து கிளம்பியபோது சூரியன் நெடுநாள் தூக்கத்தில் இருந்தது. கரும்புள்ளி என்று சொல்ல ஒன்றும் இல்லை. கரும்புள்ளி ஆய்வுக்கு அது ஏமாற்றம்தான், ஆனால் ‘அமைதியான’ பரப்பு உண்மையில் எவ்வளவு அமைதியானது என்று பார்க்க அதைவிட நல்ல வேளை வாய்த்திருக்காது. காந்தப்புலத்தில் இரும்பு அணுவின் நிறமாலைக் கோடு பிளவுபட்டு முனைவாக்கம் அடையும்; 525 நானோமீட்டரிலுள்ள அத்தகைய ஒரு கோட்டை வைத்து அது காந்தப்புலத்தை வரைந்தது. குருணைகளுக்கு இடையே ஆயிரம் காஸுக்கு மேற்பட்ட வலிமையுள்ள தனித்த காந்த இழைகள் நேரடியாகப் பிரித்தறியப்பட்டன. அதற்கு முன்பும் அவை இருப்பதாக நம்பினார்கள்; ஆனால் மங்கலான படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை பங்கு காந்தம், எத்தனை பங்கு வெறுமை என்று ஓர் ஊகத்தைச் சேர்த்துத்தான் அந்த வலிமையைக் கணக்கிட முடிந்தது. அந்த ஊகம் தேவைப்படாமல் போனது சிறிய விஷயமல்ல. 214 நானோமீட்டரில் இதே இழைகள் சுற்றுப்புறத்தைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரிந்தன. 2013 ஜூனில் இரண்டாம் முறை பறந்தபோது சூரியன் விழித்திருந்தது. அப்போது கரும்புள்ளிகள் உள்ள கிளர்பகுதிகளைப் பார்க்க முடிந்தது.

சன்ரைஸுக்கு முன்னோடிகள் உண்டு. சோவியத் வானியலாளர்கள் 1960களிலும் 70களிலும் பெரிய சூரியத் தொலைநோக்கிகளைப் பலூனில் ஏற்றினார்கள். 80 செ.மீ. ஆடி கொண்ட அமெரிக்காவின் ‘ஃபிளேர் ஜெனிசிஸ்’ 2000 ஜனவரியில் அண்டார்க்டிகாவைச் சுற்றி 17 நாள் பறந்தது. சூரியப் பரப்புக்கு வெளியேயும் பலூன்கள் கண் வைத்திருக்கின்றன. தரையில் நீல வானத்தின் சிதறொளியில் கொரோனா மூழ்கிவிடும். காற்று மெலிய மெலிய வானம் இருளும். இதை நம்பி 1960களிலேயே கார்டன் நியூகிர்க் சூரிய வட்டை மறைக்கும் கொரோனா நோக்கியைப் பலூனில் அனுப்பினார். 2019 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரிலிருந்து பறந்த ‘பிட்ஸி’ கொரோனாவிலுள்ள எலக்ட்ரான்களின் வெப்பநிலையையும் வேகத்தையும் அளக்கும் முறையைச் சோதித்தது. அதன் வாரிசான ‘கோடெக்ஸ்’ 2024 நவம்பரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எக்ஸ் கதிர்த் துறையில் இந்தத் தொடர்ச்சி இன்னும் தெளிவு. 1980 ஜூன் 27 அன்று ராபர்ட் லின்னும் அவர் குழுவும் பறக்கவிட்ட பலூன், இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் ஏறத்தாழ 25 நுண் சுடர்வெடிப்புகளைக் கடின எக்ஸ் கதிரில் பதிவுசெய்தது. பெரிய வெடிப்புகள் அவ்வப்போது நிகழ்கின்றன, சிறியவை ஓயாமல் நிகழ்கின்றன என்ற எண்ணம், ஆறாயிரம் பாகைப் பரப்புக்கு மேலிருக்கும் கொரோனா எப்படிப் பத்து இலட்சம் பாகைக்கு மேல் சூடாகிறது என்ற பழைய கேள்வியோடு நேராகப் போய் இணைந்தது. அதே லின்னின் தலைமையில் 2002-இல் ‘ரெஸ்ஸி’ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. செயற்கைக்கோள் கட்டுவதற்கு முன் அதன் உணர்விகளையும் முறையையும் பலூனில் பழக்கிப் பார்ப்பது இந்தத் துறையில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

இதனால் பலூனை ‘ஏழையின் செயற்கைக்கோள்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெயரில் எனக்கு உடன்பாடில்லை. செலவு குறைவு என்பது உண்மைதான்; பறக்கும் காலமும் ஒரு வாரம், இரு வாரம் என்று குறைவு என்பதும் உண்மைதான். ஆண்டுக்கணக்கில் சூரியனைக் கண்காணிக்க வேண்டியவர் பலூனை நாடக்கூடாது. ஆனால் செயற்கைக்கோளில் 1 மீட்டர் சூரியத் தொலைநோக்கி இன்றுவரை பறந்ததில்லை. 2006-இல் ஏவப்பட்ட ஜப்பானின் ‘ஹினோடே’ தொலைநோக்கியின் ஆடி 50 செ.மீ. தான். எடை, அளவு ஆகியவற்றில் பலூன் தாராளமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, பலூனில் போன கருவி திரும்பி வருகிறது. விண்கலத்தில் ஒரு திருகு இறுகிக்கொண்டால் அதோடு கதை முடிந்தது. பலூனில் அது அடுத்த கோடைவரை தள்ளிப்போகும் ஒரு தொல்லை.

சன்ரைஸின் மூன்றாவது பயணம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புற ஊதா நிறமாலை, அகச்சிவப்பு நிறமாலை, கண்ணுறு ஒளிக் காந்த வரைபடம் என்று மூன்று புதிய கருவிகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கும்படி அது மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. ஒளிக்கோளத்திலிருந்து அதற்கு மேலுள்ள அடுக்கான நிறக்கோளம்வரை காந்தப்புலம் உயரத்துக்கேற்ப எப்படி மாறுகிறது என்பதை ஒருசேரப் படிப்பது நோக்கம். புற ஊதாக் கருவியை ஜெர்மனியும், அகச்சிவப்புக் கருவியை ஜப்பானும், காந்த வரைவியை ஸ்பெயினும் கட்டின. 2022 ஜூலையில் கிளம்பிய சில மணி நேரத்திலேயே இயந்திரக் கோளாறால் தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்ப முடியவில்லை. பயணத்தை நிறுத்தி இறக்கினார்கள். கருவிகளைப் பிரித்தெடுத்து, செப்பனிட்டு, 2024 ஜூலை 10 அன்று மறுபடி ஏவினார்கள். அந்த முறை ஆறரை நாள் பறந்தது. சூரியன் தன் பதினோராண்டுச் சுழற்சியின் உச்சத்தை ஒட்டியிருந்த வேளை அது.

பயணத்தை முடிக்கும் நேரம் வந்ததும் தரையிலிருந்து ஒரு ரேடியோக் கட்டளை போகும். கூண்டு பலூனிலிருந்து பிரிந்து பாராசூட்டோடு இறங்கும். கிழிந்த பலூன் தனியே விழும். கூண்டின் அடியிலும் பக்கங்களிலும் தேன்கூடு போல மடித்த அட்டைத் தாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும், மோதும்போது நசுங்கித் தாக்கத்தை அவை ஏற்றுக்கொள்ளும். தரைக்காற்று பலமாக இருந்தால் பாராசூட் கூண்டை இழுத்துக்கொண்டு போகும் என்பதால் தரை தொட்டவுடன் அதையும் அறுத்துவிட வேண்டும். ஆளில்லாத வடகனடாத் துந்திராவில் ஹெலிகாப்டரில் போய் இறங்கும் மீட்புக் குழு முதலில் தேடுவது தரவுப் பெட்டிகளை. பறக்கும்போது ரேடியோவில் வந்து சேர்வது ஒரு சிறு பகுதியே. முழுப் பதிவும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருக்கிறது. அதன் பிறகே ஆடியைப் பார்க்கிறார்கள். 2009-இல் பறந்து, தரையில் மோதி, தூசு படிந்து திரும்பிய அதே தொலைநோக்கிதான் செப்பனிடப்பட்டு 2013-இலும், 2022-இலும், 2024-இலும் மேலே போனது.